ஆண்பிள்ளை தங்காத வீடு

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை தங்காது என்று ஊர் சொல்லும். வளவில் தென்னை தங்காது என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்கள். தென்னை உண்மையாகவே தங்கவில்லை. மண் அப்படி, தோண்டினால் உப்புத்தான். ஆனால் தென்னைக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டே என்று யாரும் நின்று யோசித்ததாக எனக்கு நினைவில்லை. நான் மூத்தவள். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். எங்களுக்கு இடையிலும் பின்னாலுமாக மூன்று தம்பிமார் பிறந்தார்கள். மூன்று பேரும் கோயிலுக்குப் பின்னால் சேமக்காலையில், பெரிய ஆட்களின் சிலுவைகளுக்கு எட்டத்தில், மதிலோரமாகப் புதைக்கப்பட்டார்கள். ஒருவன்கூட ஒரு மாதம் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மன்னார்த் தீவில் பிள்ளை சாவது புதினமில்லை. மாரி வந்தால் காய்ச்சல் வரும். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தால் காய்ச்சலோடு வயிற்றோட்டமும் வரும். குக்கல் வந்தால் ஒரு தெருப் பிள்ளைகள் முழுக்க இருமி இருமி வாந்தி எடுப்பார்கள். சின்னமுத்து வந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். நாங்கள் வேதக்காரர்தான், ஆனாலும் வேப்பிலையை விடவில்லை. பெற்றதெல்லாம் வளரும் என்று எந்தத் தாயும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த நோய்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. அவை ஆண், பெண் என்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தது பார்த்தது. அதனால்தான் ஊருக்கு எங்கள் வீடு கதையாகிப் போனது.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கரைவலை இருந்தது. வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கிற பெரிய வலை. தாழ்வுபாடு என்ற ஊருக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த எங்கள் சின்னக் கரையில் அப்படி வலை வைத்திருந்தவர்கள் சிலர்தான். அப்பா நெற்றியில் சிலுவை போடாமல் அந்த வலையைத் தொட மாட்டார். இழுத்து முடிந்ததும் அதை மணலில் விரித்துக் காயப் போடுவார்கள். விரித்த உடனே கழுதைகள் வந்துவிடும்.

மன்னாருக்குக் கழுதை புதிதல்ல. ஊருக்குள் அவை கேட்பாரில்லாமல் திரியும். எவ்வளவு பெரிய கரை கிடந்தாலும் சரியாக வலையின் மேல்தான் வந்து நிற்கும், படுக்கும், மற்றதையும் அங்கேயே செய்யும். பனை மட்டையோடு நின்று அவற்றைக் கலைப்பது எனக்கும் தங்கச்சிக்கும் வேலை. இந்தப் பக்கம் கலைத்தால் அந்தப் பக்கத்தால் வரும். விட்டை வலைக் கண்களுக்குள் போய் அப்பிக்கொள்ளும். நாங்கள் விரலால் கிள்ளி எடுப்போம். "உதறினாக் காணும், மிச்சத்தைக் கடல் கழுவும்" என்பார் அப்பா. கடல் எல்லாவற்றையும் கழுவும் என்பது அவருக்கு ஒரு விசுவாசம்.

அப்பாவின் வழியில் ஒரு முறை இருந்தது. ஊரில் வேறு எந்த வீட்டிலும் அது இல்லை. அதனாலேயே அவருக்கு அதில் பெருமை. ஆண்பிள்ளை பிறந்தால், தொப்புள்கொடியை வலை நூலால் கட்ட வேண்டும். சும்மா ஒரு நூல் அல்ல. வலையின் மடியில், மீன் வந்து சேருகிற இடத்தில் இருந்து தகப்பன் தன் கையால் அறுத்தெடுத்த நூல். உள்ளே பிள்ளையின் அழுகைச் சத்தமும் "பொடியன்" என்ற சொல்லும் கேட்டவுடன் அப்பா நூலோடு கதவடிக்கு வருவார். மருத்துவிச்சி கையை நீட்டி வாங்கிக் கட்டுவார். கொடி காய்ந்து விழுந்ததும் அந்த நூலைத் திரும்பக் கொண்டுபோய் வலையிலேயே முடிந்துவிடுவார்கள். கடல் தன் ஆளை அடையாளம் காண வேண்டுமாம். அப்பாவை அப்படித்தான் கட்டினார்கள். அவருடைய அப்பாவையும் அப்படித்தான்.

பெண்பிள்ளைக்கு இந்தச் சீரெல்லாம் இல்லை. அம்மாவின் துவைத்த சேலை ஒன்றின் கரையில் இருந்து மருத்துவிச்சி ஒரு இழையை உருவி எடுப்பார். அவருடைய கத்தி எல்லாருக்கும் ஒன்றுதான். அதை விளக்குச் சுடரில் காட்டித்தான் வெட்டுவார், ஏன் என்று கேட்டால் அதுதான் முறை என்பார். "பொம்பிளைக்கு என்ன, சேலை நூல் காணும்" என்பதும் அவர் சொல்லுவதுதான். சின்ன வயதில் எனக்கு இதில் பெரிய கோபம் இருந்தது. வலையைக் காவல் காக்க நான் வேண்டும், கழுதை விட்டை கிள்ள நான் வேண்டும், அந்த வலையில் ஒரு சாண் நூல் எனக்குக் கிடையாதா என்று கேட்டிருக்கிறேன். அப்பா சிரித்துக்கொண்டு, "நீ கடலுக்குப் போகப் போறியோ?" என்று கேட்டார். 

முதல் தம்பியை எனக்கு நினைவில்லை. இரண்டாவது தம்பியை நன்றாக நினைவிருக்கிறது. தலை நிறைய முடியோடு பிறந்தான். சத்தம் போட்டு அழுதான், சத்தம் போட்டுப் பால் குடித்தான். அவன் குடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்கும். அப்பா அதைக் கேட்பதற்காகவே வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கிழமை ஆகவில்லை. ஒரு நாள் காலை அம்மா அவனை மார்பில் போட்டபோது அவன் வாயைத் திறக்கவில்லை. பசிக்கவில்லை என்று அம்மா முதலில் நினைத்தா. பிறகு பார்த்தால் அவனுக்குப் பசி, அழவும் பார்க்கிறான், ஆனால் வாய் திறக்குதில்லை. தாடை பூட்டிக் கிடந்தது. முகம் சிரிக்கிற மாதிரி ஒரு பக்கம் இழுத்தது. தங்கச்சி அதைப் பார்த்து, "தம்பி சிரிக்கிறான்" என்று சொன்னாள்.

மத்தியானம் உடம்பு விறைத்தது. முதுகு வளைந்து, தலை பின்னால் போய், கை இரண்டும் பொத்திக்கொண்டன. கொஞ்சம் தளரும். யாராவது தொட்டால், கதவு அடிபட்டால், சட்டி விழுந்தால், திரும்ப விறைக்கும். கோயில் மணி அடித்தபோது ஆகக் கூடுதலாக விறைத்தது. அதைப் பார்த்தவர்கள் விலகிப் போய் நின்றார்கள். கோயில் மணிக்கு விறைக்கிற பிள்ளைக்குள் இருப்பது எது என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது. கோயில் பணிவிடை செய்கிற சங்கிலித்தாம் வந்து, பங்குக் குருவான சுவாமிக்குக் காத்திராமல், தானே தண்ணீர் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தத் தண்ணீர் நெற்றியில் பட்டதற்கும் பிள்ளை விறைத்தது. அடுத்த நாள் மாலை மணிக்கு அவன் விறைக்கவில்லை. அப்போதுதான் அவன் செத்துப்போனது எங்களுக்குத் தெரிந்தது.

அப்பாவின் தமக்கை, எங்கள் மாமி, அப்போது எங்களோடு இருந்தார். கணவன் செத்த பிறகு வந்தவர். வந்த நாளில் இருந்து வீடு அவர் கையில்தான். மாமியைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் பல தரம் முயன்றிருக்கிறேன். நன்றாக மீன் கருவாடு போடுவார். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"உன்ர பாலிலதான் ஏதோ கிடக்கு. முதல் பொடியனும் குடிச்சுக்கொண்டு இருக்கேக்கதான் வாய் பூட்டினது. இதுவும் அப்பிடித்தான்."

பாலைச் சோதிக்க வேண்டும் என்றார். ஒரு சிப்பியில் அம்மாவின் பாலை எடுத்து, அதற்குள் எறும்பு பிடித்து விட்டார்கள். எறும்பு செத்தால் பால் கூடாது. எறும்பு செத்தது. சாகாமல் என்ன செய்யும்? தேங்காய்ப்பாலில் விட்டாலும் சாகும், பாயசத்தில் விட்டாலும் சாகும். எறும்பு நீந்திக் கரையேறிய பால் எந்த நாட்டில் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் பெரிய ஆட்கள் எல்லாரும் அந்தச் சிப்பியைச் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தா. எறும்பு அசைவை விட்டதும் அம்மா சேலையை இழுத்து மார்பை மூடிக்கொண்டா.

நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அப்ப நானும் தங்கச்சியும் அந்தப் பாலைத்தானே குடிச்சனாங்கள்?"

"பொம்பிளைக் குட்டியளுக்கு என்னத்தைக் குடுத்தாலும் ஒத்துக்கொள்ளும்" என்றார் மாமி. கன்னத்தில் ஒன்றும் தந்தார். அது கேள்விக்கான பதிலா, வாய்க்கான தண்டனையா என்று தெரியவில்லை. அப்பா எழுந்து கரைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அம்மாவின் வாழ்க்கை குறுகியது. ஊரில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள். கைப்பிள்ளையோடு ஒரு பெண் எங்கள் படலையைத் தாண்டினால் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு போவாள். அம்மா இதைக் கண்டுகொண்ட பிறகு, தூரத்தில் யாராவது பிள்ளையோடு வருவது தெரிந்தால் தானாகவே உள்ளே போய்விடுவா. அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாதாம். மடுவுக்கு நடந்து போனா, முடி கொடுத்தா, உபவாசம் இருந்தா. தன் உடம்பில் விஷம் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினா. கடைசித் தங்கச்சி பிறந்தபோது அவளுக்குப் பால் கொடுக்கவே பயந்து, ஒவ்வொரு தரமும் முதலில் சிலுவை போட்டுவிட்டுத்தான் கொடுத்தா. தங்கச்சி கொழுகொழு என்று வளர்ந்தாள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவள் பெண்.

மூன்றாவது தம்பி வயிற்றில் இருந்தபோது எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். கோயில் சுவாமி அப்பாவைக் கூப்பிட்டு, இந்த முறை பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுவாமியின் சொல்லைத் தட்ட முடியாது. மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே பாயைப் போட்டு அம்மாவைக் கொண்டு போனார்கள். பெரிய கஷ்டமில்லாமல் ஆண்பிள்ளை பிறந்தது. வண்டியில் திரும்பி வந்து இறங்கிய அம்மாவின் முகத்தில் நான் முன்பு காணாத ஒரு தெளிச்சி இருந்தது. நேர்ஸ் சொன்னதை எங்களுக்கு ஒப்புவித்தா.

"தொப்புளை அப்பிடியே காய விடட்டாம். எண்ணெய், சாம்பல், மஞ்சள் ஒண்டும் போடக் கூடாதாம்."

ஒன்றும் போடவில்லை. சொன்னபடியே விட்டார்கள். போடாதே என்று சொல்ல நேர்ஸுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் கட்டவும் செய்வார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பிள்ளையின் தொப்புளில் ஆஸ்பத்திரியின் வெள்ளை நூல் இருந்தது. அப்பா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரான் வீட்டுச் சட்டையைத் தன் பிள்ளைக்குப் போட்டுவிட்டது போல அவருக்கு இருந்திருக்கும். பிறகு கரைக்குப் போய் மடி நூலை அறுத்துக்கொண்டு வந்தார். நூல் விறைப்பாக இருந்தால் பிள்ளைக்கு நோகும் என்று அதை வாயில் வைத்து ஈரப்படுத்தி மெதுவாக்கினார். மருத்துவிச்சி இல்லாததால் தானே குனிந்து, வெள்ளை நூலுக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி, வலைக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டார். அவ்வளவு பெரிய கையால் அவ்வளவு மெதுவாக ஒரு வேலையை அவர் செய்து நான் கண்டதில்லை. பிள்ளை சிணுங்கவுமில்லை.

மாமியும் தன் பங்கைச் செய்தார். இந்தப் பிள்ளைக்குத் தாய்ப் பால் வேண்டாம் என்று முன்பே முடிவு கட்டி, பின் வளவில் கைப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார். அம்மாவின் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். அப்படிக் கட்டினால் பால் வற்றும். கட்ட வசதியாக அம்மா கையைத் தூக்கிக் கொடுத்தா. பிள்ளை அழுதால் அந்தப் பெண் வந்து எடுத்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து பால் கொடுப்பாள். அது அவளுடைய குற்றமில்லை, தன் பிள்ளையைப் பற்றிய பயம். ஒவ்வொரு தரமும் பிள்ளையின் அழுகைக்கு அம்மாவின் கட்டுத் துணி நனையும். வீடு முழுக்க நனைந்த மல்லிகை மணத்தது. நான் இன்று வரைக்கும் தலைக்கு மல்லிகை வைப்பதில்லை.

பிறகு ஒரு காலை அந்தப் பெண் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். "அக்கா, பிள்ளை வாய் வைக்குதில்லை" என்றாள்.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தா. அதற்குப் பிறகு நடந்ததை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. முதல் சொன்னதுதான், மணியும் விறைப்பும். பிள்ளையைப் பெட்டியில் வைத்தபோதும் அம்மாவின் மார்பில் அந்தக் கட்டு இருந்தது.

பால் மாற்றியும் செத்ததே, அப்படியானால் பாலில் பிழையில்லை என்று யாராவது சொல்வார்கள் என நான் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. வயிற்றில் இருக்கும்போதே கூடாத இரத்தம் ஊறியிருக்கும் என்றார் மாமி. ஊர் இன்னொன்றையும் சொன்னது: ஆஸ்பத்திரிக்குப் போயும் என்ன கண்டார்கள்? பிறகு நெடுங்காலம் எங்கள் கரையில் இருந்து ஒரு பெண்ணும் பிள்ளை பெற அங்கே போகவில்லை. போயிருந்தால் பிழைத்திருக்கக் கூடிய தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி என்னோடு வேதபாடம் படித்தவள்.

நான் கலியாணம் செய்து பட்டினத்துக்குப் போனேன். கணவருக்குப் புகையிரத நிலையத்தில் சின்ன வேலை. எனக்கு முதல் பிள்ளை உண்டானபோது, அரசாங்கத்தில் இருந்து புதிதாக வந்திருந்த மிட்வைஃப் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். வேறு ஊர்க்காரி, கொஞ்சம் கடும் பேச்சு. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் என் வீட்டில் ஆண்பிள்ளை தங்காத கதையைச் சொன்னேன். எனக்கும் அந்த இரத்தம்தானே, பயமாக இருக்கிறது என்றேன். அவர் குடையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வாய் பூட்டினதோ? உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சதோ?"

"ஓம்."

"தொப்புளில என்ன போட்டவை?"

"தேங்காயெண்ணெய். எங்களுக்கும் அதுதான் போட்டவை. கடைசிப் பிள்ளைக்கு அதுவும் போடேல்லை. ஆஸ்பத்திரியில பிறந்தவன்."

"வேற என்ன செய்தனீங்கள்? யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் யோசித்தேன். நூலைச் சொன்னேன். அது ஒரு மரியாதைக்குச் செய்வது என்று விளக்கமும் சொன்னேன். அந்த வலை எங்கே கிடக்கிறது என்று கேட்டார். கரையில் என்றேன். கரையில் என்ன திரிகிறது என்று கேட்டார். கழுதை, வலைக் கண்ணுக்குள் விட்டை என்று சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"அது ஏற்பு வருத்தம், இங்கிலீசில டெட்டனஸ்" என்றார் அவர். "மண்ணிலயும் மாடு கழுதையின்ர சாணத்திலயும் இருக்கிற கிருமி. பச்சைப் புண்ணுக்குள்ள போகப் பாக்கும். பிறந்த பிள்ளைக்குத் தொப்புள்தான் பச்சைப் புண். பாலுக்கும் இரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவர் போன பிறகு எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். யாரையாவது பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. மாமி அதற்கு முதல் வருடமே செத்துப் போயிருந்தார். அந்தச் சண்டைகூட எனக்குக் கிடைக்கவில்லை. எத்தனை கழுதையைக் கலைத்தேன், எத்தனை விட்டையை இந்தக் கையால் கிள்ளினேன் என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் கிள்ள முடியும்.

முதல் பிள்ளையைத் தாய் வீட்டில்தான் பெற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அது ஒன்றுதான் என்னை அவசரப்படுத்தியது. அடுத்த நாளே வண்டி பிடித்துப் போனேன். அப்பா முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருந்தார். அம்மா குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. என்னைக் கண்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. இடுப்பு மடியில் இருந்து ஒரு சின்ன நூற்சுருளை எடுத்துக் காட்டினார்.

"இது உன்ர பிள்ளைக்கு. மகளின்ர பிள்ளைக்குக் கட்டுறது எங்கட முறையில இல்லை. ஆனா எனக்கு வேற ஆர் இருக்கினம்? பொடியனா இருந்தாக் கட்டுவம்."

வண்டியில் வரும்போது நான் கட்டி வைத்திருந்த கடும் சொற்கள் எல்லாம் அந்தச் சுருளைக் கண்டதும் கலைந்து போயின. ஆனால் சொல்லாமல் விட முடியாது. என் பிள்ளை வயிற்றில் கிடந்து உதைத்தது. அவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, மிட்வைஃப் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. கடைசியாக, "உங்களுக்குத் தெரியாதுதானே அப்பா" என்றேன். அதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

வலை ஊசியைக் கையில் எடுத்தார். பிறகு தனக்குள் பேசுகிற மாதிரிச் சொன்னார். "எனக்கு முன்னம் பிறந்த ஆம்பிளையள் எல்லாம் இப்பிடித்தான் போச்சினம். என்னைக் கடல் தெரிஞ்செடுத்தது எண்டு அம்மா சொல்லுவா." ஊசியில் கிடந்த நூலை விரலில் சுற்றினார். "அக்காவுக்குக் கட்டேல்லை. அவ கிழவியாகித்தான் செத்தவ."

கையில் கிடந்த சுருளை மணலில் வைத்தார்.

"உங்கள் மூண்டு பேருக்கும் நான் கட்டேல்லை. பொம்பிளையள்தானே எண்டு விட்டிட்டன்." என் முகத்தைப் பார்த்தார். "அதாலதான் நீங்கள் இருக்கிறியள், என்ன?"

  குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அம்மா எவ்வளவைக் கேட்டா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது திரும்பத் தொடங்கியது. அம்மா வெளியே வரவில்லை. மத்தியானம் எங்களுக்குச் சோறு போட்டா. அப்பா சாப்பிடவில்லை. அந்தச் சுருளை அடுப்பில் போட்டார் என்று பிறகு தங்கச்சி சொன்னாள்.

எனக்கு ஆண்பிள்ளைதான் பிறந்தது. மிட்வைஃப் பட்டினத்தில் இருந்து என் தாய் வீட்டுக்கே வந்து, கொதித்த தண்ணீரில் நூலையும் கத்தரிக்கோலையும் போட்டு எடுத்துத்தான் பிள்ளையைத் தொட்டார். அப்பா கதவடிக்கு வரவில்லை. பொடியன் என்று உள்ளே இருந்து சொல்லி அனுப்பியபோது அவர் கரையில் நின்றாராம். தொப்புள் காய்ந்து விழும் வரைக்கும் அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்று பார்ப்பார். "தூக்குங்கோ அப்பா, கையைக் கழுவிப்போட்டுத் தூக்குங்கோ" என்று நான் சொன்னால், "பிறகு, பிறகு" என்பார்.

ஒரு கிழமை போனது. காலையில் பிள்ளையை மார்பில் போட்டேன்.  அவன் ஆவென்று வாயைத் திறந்து, பிடித்து, சத்தம் போட்டுக் குடித்தான். அதற்கு அடுத்த நாளும் குடித்தான். கோயில் மணி அடித்தது. அவன் குடிப்பதை நிறுத்தவில்லை. மணிக்கு விறைக்காத ஆண்பிள்ளையை அந்த வீட்டில் நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்து அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த வீட்டில் ஒரு கைப்பிள்ளைக்கு இவ்வளவு கிட்ட அவ இருந்து எத்தனையோ வருடம். முற்றத்தில் நான் அப்பாவிடம் சொன்ன நாளில் இருந்து அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. இப்போதும் என்னைப் பார்க்காமல், பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டா.

"அப்ப கடைசிப் பிள்ளைக்கு நான் பால் குடுத்திருக்கலாம், என்ன?"

"ஓம் அம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினா. பிள்ளை ஒரு பக்கம் குடித்து முடித்திருந்தான். நான் அவனைத் தூக்கி மற்றப் பக்கம் போட்டேன்.